எல்லா ஸ்டார்ட்அப் லோகோவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதே, நாங்கள் எதை எடுப்பது?

நூல்கண்டு கேட்கிறார்:

வணக்கம். நானும் என் கல்லூரித் தோழனும் திருப்பூரில் ஒரு மென்பொருள் செய்து நடத்துகிறோம். பனியன் கம்பெனிகள் துணியை நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே அனுப்புகிறார்கள் இல்லையா, எந்த லாட் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். 14 கம்பெனிகள் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதுவரை லோகோ என்று ஒன்றும் கிடையாது, பெயரைத் தடித்த ஆங்கில எழுத்தில் போட்டு ஓட்டிவிட்டோம். அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருக்கிறோம், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு டிசைனர் மூன்று மாதிரி அனுப்பியிருக்கிறார். முதலாவது, பெயர் முழுவதும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஊதாவில் தொடங்கி நீலத்தில் முடிகிற நிறம், பக்கத்தில் நான்கு முனை நட்சத்திரம். இரண்டாவது, நூல்கண்டும் ஊசியும். மூன்றாவது, எங்கள் பெயரில் வருகிற ‘ழ’வை மட்டும் ஒரே கோட்டில் நூல் ஓடுகிற மாதிரி வரைந்து, கீழே பெயர். பார்ட்னருக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது, முதலீட்டாளர் பார்த்தவுடனே டெக் கம்பெனி என்று தெரியும் என்கிறான். எனக்கு மனசெல்லாம் மூன்றாவதில் இருக்கிறது. ஆனால் வெளி மாநிலத்துக்காரர்களுக்கு அது எழுத்து என்றே தெரியாது என்று அவன் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. டிசைனர் 35,000 ரூபாய் கேட்கிறார். கேன்வாவிலோ ஏதாவது ஏஐயிலோ இலவசமாகச் செய்துகொள்ளலாமே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பெயரை இன்னும் பதிவு செய்யவில்லை, அதனால் இங்கே போடவில்லை.

வளைகோடு:

பதினொரு வருடமாக லோகோ வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மொழுமொழுவென்ற எழுத்துக்குப் போனதற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது. கூகுள் 2015 செப்டம்பரில் நுனியில் வால் வைத்த பழைய எழுத்தை விட்டுவிட்டு இப்போதுள்ள எழுத்துக்கு வந்தது. சின்னத் திரையிலும், இணைப்பு மெதுவாக இருக்கிற ஊரிலும் லோகோ தெளிவாக வர வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பழைய படம் சுமார் 14,000 பைட், புதியதை 305 பைட்டில் அடக்கிக் காட்டினார்கள். கோடிக்கணக்கான பேர் நாள் முழுக்கத் திறக்கிற பக்கத்துக்கு அது பெரிய விஷயம். அப்புறம் அந்தத் தேவை துளியும் இல்லாதவர்களும் அதையே செய்தார்கள். பர்பெரி கோட்டு விற்கிற கம்பெனி, நூற்றைம்பது வருடப் பெயர். 2018இல் சுழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொட்டை எழுத்துக்கு வந்தார்கள், 2023இல் பழைய குதிரைவீரனையும் வளைவுள்ள எழுத்தையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் போன ஐந்து வருடத்தில் அவர்கள் பெயர்ப்பலகையைப் பக்கத்துக் கடைப் பலகையிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். கூகுள் ஜெமினியின் குறியே அதுதான், அதற்கு மேல் எத்தனையோ ஆப்களில் ‘இதை அழுத்தினால் ஏஐ வேலை செய்யும்’ என்பதற்கு அதே நட்சத்திரத்தைத்தான் பொத்தானாக வைத்திருக்கிறார்கள். சேமிக்கிற பொத்தானில் இருக்கும் பிளாப்பி படத்தை எடுத்து நம் கம்பெனிக்கு லோகோவாக வைத்த மாதிரி ஆகிவிடும். முதலீட்டாளரும் அன்றைக்கு மட்டும் அதே ஊதாவையும் நட்சத்திரத்தையும் எத்தனை தடவை பார்த்திருப்பாரோ.

நூல்கண்டும் ஊசியும் தையல் கடைக்குப் பொருந்தும். நீங்கள் தைப்பதில்லை, துணி எங்கே இருக்கிறது என்று சொல்கிறீர்கள்.

மூன்றாவதை எடுக்கச் சொல்லவும் மாட்டேன், முதலில் அது தேறுகிறதா பாருங்கள். உங்கள் லோகோ நிஜமாக எங்கே உட்காரப்போகிறது? வாட்ஸ்அப் வட்டத்துக்குள், பிரவுசர் டேபில் 16 பிக்சலில், டெலிவரி சலானின் தலைப்பில் கறுப்பு மையில். ‘ழ’வின் வயிற்றுக்குள் இருக்கிற இடைவெளி 16 பிக்சலில் அடைத்துக்கொள்ளும், மெல்லிய கோட்டில் வரைந்திருந்தால் சலானில் பாதிக் கோடு வரவே வராது. அலுவலக அரட்டை ஆப் ஸ்லாக்கின் பழைய குறியில் 11 நிறம், அதோடு 18 டிகிரி சாய்வு வேறு. வெள்ளையைத் தவிர வேறு எந்த நிறத்தின்மேல் வைத்தாலும் கெட்டுப்போகிறது என்றுதான் 2019 ஜனவரியில் பென்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்தை வைத்து மாற்றினார்கள், நான்கு நிறத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் அதற்குப் பணம் இருந்தது. நீங்கள் இப்போதே மூன்றையும் கறுப்பில் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள், செலவு ஒரு தாள்தான்.

வகுப்பு42:

டிரேட்மார்க் விண்ணப்பங்கள் பார்க்கிறவன். நண்பரே, படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பெயரைத் தேடிப் பார்த்தீர்களா? ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். டிரேட்மார்க்கில் பொருள், சேவை எல்லாவற்றையும் எண் போட்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், நீங்கள் 9, 42 என்ற இரண்டு வகுப்பிலும் தேட வேண்டும். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் 9இல் வரும், இணையத்தில் சேவையாகக் கொடுப்பது 42இல் வரும். தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

நான் அடிக்கடி பார்ப்பது என்னவென்றால், லோகோவுக்குப் பணம் கொடுத்து, போர்டு மாட்டி, டி-ஷர்ட்டும் அடித்துவிட்டு அப்புறம்தான் பெயரோடு எங்களிடம் வருகிறார்கள். வந்தால் டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும், ஏனென்றால் பெயர் செய்கிற வேலையை அப்படியே சொல்லும். ‘துணிக் கணக்கு’ மாதிரிப் பெயரை யாருக்கும் தனிச்சொத்தாகக் கொடுக்க மாட்டார்கள். போன்பேயும் பாரத்பேயும் அந்த ‘பே’ என்ற வாலுக்காகப் பல வருடம் வழக்கு நடத்தி 2024 மே மாதம்தான் சமரசத்துக்கு வந்தார்கள். ‘ழ’ என்கிற எழுத்தும் அப்படித்தான், எழுத்து உங்களுடையது ஆகாது, நீங்கள் வரைந்த விதத்துக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கும். அதனால் பெயரைச் சொல்லாகத் தனியாகவும், படத்தைத் தனியாகவும் பதியுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் பதிந்தால் சட்டப்படி எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் பதிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பதிவு முடியும் வரை டிஎம் மட்டும் போடுங்கள், வட்டத்துக்குள் ஆர் போடுவது குற்றம்.

கேன்வா விஷயம். அதன் டெம்ப்ளேட்டையும் அதில் கிடைக்கிற படங்களையும் வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதியக் கூடாது என்று அவர்களே விதிகளில் எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் அதே படத்தை வேறு யாரும் எடுக்கலாம். டிசைனரிடம் வாங்கினாலும் எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்தாயிற்று, நம்முடையதுதானே என்று இருந்துவிடக் கூடாது. அந்தத் தாளில் எத்தனை காலம், எந்தெந்த நாடு என்று கட்டாயம் இருக்கட்டும், எழுதாமல் விட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடம், இந்தியாவுக்குள் என்று சுருக்கிவிடும்.

மரச்செக்கு_மதுரை:

தம்பி, மேலே அவர் கடைசியில் சொன்னதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் வியாபாரம் தொடங்கியபோது ஒருவரிடம் 4,000 ரூபாய்க்கு லோகோ வாங்கினோம், செக்கும் காளையும். லேபிள் 5,000 அடித்து ஒட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரம், வேறொரு ஊர் எண்ணெய்ப் பாட்டிலில் அதே காளை, அதே வால் மடிப்பு. இணையத்தில் விற்கிற படத்தை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். மீதி லேபிளை எல்லாம் எடைக்குப் போட்டோம், அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை.

அடுத்த தடவை தமிழிலேயே பெயரை எழுதி வாங்கினோம், அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். டிசைனர்கள் ஆங்கிலத்துக்கு பாப்பின்ஸ் மாதிரி அழகான எழுத்துரு போடுகிறார்கள். அதில் தேவநாகரி உண்டு, தமிழ் கிடையாது. தமிழுக்கு வரும்போது கணினியில் கிடக்கிற லதாவைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு கடை மாதிரி இருக்கும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், பாலூ தம்பி இதிலெல்லாம் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையில் வரைந்திருக்கிறார்கள், இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். நாளைக்கு அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கும்போதும் இது உதவும், தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறதே. தமிழ் எழுத்துரு அழகாக இல்லாவிட்டால் பலகையில் பெரிதாகத் தெரிவது அதுதான்.

வடக்கே புரியாது என்று பார்ட்னர் பயப்பட வேண்டாம். போன்பே லோகோவில் இருப்பது இந்தி எழுத்து ‘பே’. நம் ஊர் டீக்கடையில் அதை ஒட்டாத கடை இருக்கிறதா, எத்தனை பேருக்கு அது எழுத்து என்று தெரியும்? ஊதா வட்டத்தில் ஒரு குறி என்று பார்த்தே காசு அனுப்புகிறோம்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மூன்றையும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய டையிங் யூனிட்டில் சலான் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலேயே அடித்துப் பார்த்தோம். ஊதா நீலம் சாம்பல் புள்ளிகளாக வந்தது, நட்சத்திரம் ஏதோ மை சிந்திய மாதிரி. ஊசி காணவே இல்லை. ‘ழ’ வந்தது, ஆனால் வளைகோடு அண்ணன் சொன்ன மாதிரியே வயிறு அடைத்துக்கொண்டது. அங்கே லாட் எழுதுகிற சூப்பர்வைசர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ழ போட்ட சலான் உங்களுதுன்னு எடுத்து வச்சிரலாங்க, மத்தது ரெண்டும் யாருதுன்னே தெரியாது’ என்றார். பார்ட்னரும் பக்கத்தில்தான் நின்றான். திரும்பி வரும்போது வண்டியில் அவனே, கோட்டைத் தடிமனாக்கச் சொல்லு, ஒரே நிறம் போதும் என்றான்.

பெயரைத் தேடினோம். 42இல் யாரும் இல்லை, 9இல் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் நெருங்கி வருகிற ஒன்று இருக்கிறது, அதை ஒரு வக்கீலிடம் காட்டப்போகிறோம். அதுவரை ஸ்டாலுக்குப் பேனர் மட்டும், போர்டு எதுவும் அடிக்கவில்லை. டிசைனரிடம் கடைசியில் என்னென்ன கோப்பு கேட்டு வாங்க வேண்டும்?

வளைகோடு:

எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாத எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டும், எழுத்துகளைக் கோடாக மாற்றியது. பின்னணி இல்லாத பிஎன்ஜி. முழுக் கறுப்பு ஒன்று, முழு வெள்ளை ஒன்று. 16 பிக்சலுக்கு ‘ழ’வைத் தனியாக வரைந்து தரச் சொல்லுங்கள், பெரியதைச் சுருக்கித் தந்தால் வாங்காதீர்கள், வயிறு திறந்திருக்கிறதா என்று டேபில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எந்த எழுத்துரு, அதன் உரிமம் என்ன என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 35,000க்கு இதெல்லாம் சேர்ந்தால் சரியான விலைதான்.