அசைந்தொலிக்கும் சிற்பத்துக்குக் 'கறங்குசிற்பம்'

தன் அசைவாலேயே ஒலியெழுப்பும் சிற்பத்துக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு, 'இயக்க ஒலிச் சிற்பம்' என்ற சொல்லை நண்பர்கள் முன்மொழிந்திருக்கிறீர்கள். அதில் பிழையில்லை, 'இயக்க ஆற்றல்' என்று பாடநூல்கள் பழக்கியிருப்பதால் பொருளும் உடனே விளங்குகிறது. ஆனால் அசைவும் ஒலியும் அதில் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதை அச்சொல் காட்டவில்லை. 'இயங்கொலிச் சிற்பம்' என்றாலோ, இயங்குவது ஒலியா சிற்பமா என்ற ஐயம் எழுகிறது.

நான் முன்வைப்பது 'கறங்குசிற்பம்'. கறங்குதல் என்ற வினைக்குச் சுழலுதல், ஒலித்தல் என்னும் இரண்டு பொருளும் அகராதியில் உண்டு. சங்கப் பாடல்களில் பறையும் அருவியும் கறங்குகின்றன. காற்றாடிக்கும் கறங்கு என்று பெயர்.

உச்சிப்புளிப் பக்கத்துப் பனங்காடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இருபொருள் ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை. பனங்குருத்தோலையில் இரண்டு கீற்றுகளைக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கே மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, அதை ஒரு குச்சியில் செருகிக்கொண்டு பாம்பன் கடற்கரையில் காற்றை எதிர்த்து ஓடியிருக்கிறோம். ஓலை சுழலச் சுழல முள்ளில் உரசிக் 'கிர்ர்' என்று இரையும்; காற்று தளர்ந்தால் சுழற்சியும் இரைச்சலும் சேர்ந்தே அடங்கும். நாம் பெயர் தேடும் கலையின் இயல்பு முழுவதும் அந்தச் சிறு ஓலையில் இருக்கிறது.

1931-இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களுக்குப் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 'மொபைல்' என்று பெயரிட்டார். பிரெஞ்சில் அச்சொல் அசைவதையும் குறிக்கும், ஒரு செயலைத் தூண்டும் நோக்கத்தையும் குறிக்கும். இருபொருள் தரும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆனால் ஒலிக்கும் சிற்பம் எல்லாவற்றையும் இப்பெயரால் அழைக்கக் கூடாது. குரோவேசியாவின் சாடர் நகரில் 2005-இல் அமைந்த 'கடல் ஆர்கன்' என்னும் குழலிசை அமைப்பில், 70 மீட்டர் நீளக் கரைப்படிகளுக்கு அடியில் 35 குழாய்கள் உள்ளன. அலை தள்ளும் காற்றால் அவை ஒலிக்கின்றனவே தவிர, அமைப்பு அசைவதில்லை. அது 'ஒலிசிற்பம்' மட்டுமே. 'ஒலிகடல்' போல வினைத்தொகை.

அமெரிக்கச் சிற்பி ஹாரி பெர்டோயாவின் ஒலிக்கும் சிற்பங்களில் உலோகக் கம்பிகள் சுழல்வதில்லை, வளைந்தாடி ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன; அவற்றுக்குக் கறங்குதல் பொருந்துமா என்று கேட்கலாம். சற்று விரித்துப் பொருள்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீணையின் நரம்பைக் குறித்த 'தந்தி', தொலைவிலிருந்து வரும் செய்தியையும் குறிக்க விரிந்தபோது நாம் தயங்கவில்லை.

பார்வையாளர் உள்ளே நடந்து கேட்கும் அமைப்பாக இருந்தால் 'கறங்கு நிறுவல்' எனலாம். 'இன்ஸ்டலேஷன்' என்னும் கலைவடிவத்துக்கு 'நிறுவல்' ஏற்கனவே வழக்கில் இருக்கிறது.

'கறங்குசிற்பம்' என்பதும் வினைத்தொகையே; எழுதும்போது 'கறங்குச்சிற்பம்' என்று ஒற்று மிகுத்துவிட வேண்டாம். மிகுத்தால் கறங்கு பெயர்ச்சொல்லாகி, காற்றாடி வடிவச் சிற்பம் என்று பொருள் மாறிவிடும்.