கிட்டார் முகப்பில் மெருகு உரிகிறது: சுரண்டிவிடலாமா?

பொறையாற்றுக்காரன்:
வணக்கம். தரங்கம்பாடியில் ஆலயப் பாடகர் குழுவுக்கு ஞாயிறுதோறும் கிட்டார் வாசிக்கிறேன். 1718இல் கட்டிய ஆலயம். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்குக் கதவுக் கீலே தாங்காது, கிட்டார் எம்மாத்திரம்?

பதினொரு வருடத்துக் கிட்டார், பெயர் சொல்லும்படியானது இல்லை. வலது முன்கை அழுந்தும் ஓரத்தில் மெருகு பெயரத் தொடங்கியது. முதலில் ஐந்து ரூபாய்க் காசு அளவு. இப்போது உள்ளங்கை அளவு. நகம் பட்டாலே கண்ணாடிச் சில்லு போல் கழன்று வருகிறது. அடியில் வெளிறிய மரம், அதில் வியர்வைக் கறை. (பாதிக் குற்றம் என்னுடையது. பிரசங்க நேரத்தில் கை சும்மா இருப்பதில்லை.)

தெருவில் ஒரு தச்சர், முகப்பு முழுவதையும் சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ் அடித்துத் தர 1,200 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

குடமுருட்டி:
கொடுக்காதீர்கள். முதலில் என்ன மெருகு என்று பாருங்கள். கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சுக் குச்சியால் ஒரு பொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. இல்லையென்றால் பக்கத்தில் அசிட்டோன். அதில் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். மலிவான தொழிற்சாலைக் கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான். நைட்ரோ என்றால் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பாலி அப்படி ஒன்றாது, ஒட்டுப்போட்ட இடம் கோடாகத் தெரியும்.

இன்னொன்று, ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். முகப்பின் ரேகைகள் விளிம்பிலும் தொடர்ந்தால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையில் மேல் ஏடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் அடுத்த அடுக்கைப் பார்த்துவிடுவீர்கள்.

மாடிவீட்டு கிட்டார்:
எனக்கும் இப்படி உரிந்தது. ஆறு வருடமாக அப்படியே வைத்து வாசிக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

தஞ்சை வீணைப் பட்டறை:
தம்பி, எங்களுக்குப் பலாமரமும் வீணையும்தான் தொழில். ஆனாலும் இந்த மாதிரி நாலைந்து கிட்டார்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. நான் செய்வதைச் சொல்கிறேன்.

கடையில் அவலரக்கு, அதாவது செதில் செதிலாக விற்கும் அரக்கு, வாங்குங்கள். பத்து கிராமை 100 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊற வையுங்கள். அடியில் மெழுகு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மரம் தெரியும் இடத்தில் சிறு துணிப் பொதியால் மெல்லியதாக மூன்று பூச்சு. இதை முதலில் செய்தாக வேண்டும். மரம் வெறுமையாக இருக்கும்போது ஃபெவிக்விக் பட்டால் கறுத்த கறை விழும், பிறகு போகாது.

அப்புறம் தூக்கிக்கொண்டிருக்கும் ஓரங்கள். பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் எடுத்து விளிம்பில் தொட்டால் போதும், தானே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிய பட்டை தெளிந்து மரத்தோடு மரமாகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை கண்ணைக் கரிக்கும். மறுநாள் ஒரு சவர பிளேடின் இரு முனையிலும் செல்லோடேப் ஒட்டி, நடுவில் மட்டும் கூர்மை வெளியே இருக்கும்படி வைத்து, மேட்டை மட்டும் வழியுங்கள். டேப் உயரத்துக்குக் கீழே பிளேடு இறங்காது, சுற்றிலும் கீறல் விழாது. மேலே இன்னும் சில பூச்சு அரக்கு. கடைசியில் 1500, 2000 எண் உப்புத்தாள்.

அடைமழையில் இதைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் அரக்கும் பூக்கும், ஃபெவிக்விக்கும் வெளுக்கும்.

ஒன்று கேட்கிறேன், கையில் என்ன தடவுகிறீர்கள்?

பொறையாற்றுக்காரன்:
ஐயா, கொசு களிம்பு! மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பழகும்போது முழங்கை வரை தடவிக்கொள்வேன்.

தஞ்சை வீணைப் பட்டறை:
நினைத்தேன். டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் கலந்த களிம்பு நைட்ரோவை, அரக்கை இளக்கும், சில பிளாஸ்டிக்கையும் அரிக்கும். உங்களுடையது பாலியாக இருந்தால் பழியை அதன் தலையில் மட்டும் போட முடியாது. வியர்வை ஓரத்தில் புகுந்ததும் உண்டு. ஆனால் இனி மேலே வரப்போவது அரக்குப் பூச்சு. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

பொறையாற்றுக்காரன்:
சோதித்தேன். ஸ்பிரிட், அசிட்டோன் இரண்டுக்கும் அசையவில்லை, பாலிதான். விளிம்பில் மூன்று அடுக்கு தெரிகிறது, ஒட்டுப்பலகை. என் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் மூடி ஏன் மங்கிப்போயிற்று என்பதும் இப்போதுதான் விளங்குகிறது.

இங்கே கார்த்திகை மழை விடவில்லை. ஆசை தாங்காமல் ஒரே ஓரத்தில் ஃபெவிக்விக் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே வெள்ளையாகப் பூத்துவிட்டது. மீதி தை பிறந்த பிறகு.

தச்சர் அதற்குள் வார்னிஷ் டப்பா வாங்கிவிட்டாராம். வீட்டில் இரண்டு ஜன்னல் கதவுகள் இருக்கின்றன, அவற்றுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.