ஏப்ரலில் நாயோடு மோவாப்: எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகலாம்?

கேள்வி:
வணக்கம். ஏப்ரல் நடுவில் டென்வரிலிருந்து யூட்டாவின் மோவாப் பக்கம் போகிறோம், எங்கள் லாப்ரடாரும் கூட வருகிறாள். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தோம், ஆனால் நாயை அங்கே பாதையில் விடமாட்டார்களாமே? அவளை அறையில் பூட்டிவிட்டுப் போக மனசே வரவில்லை. மூன்று மணி நேரம் தாராளமாக நடப்பாள், ஆனால் பாலைவனம் புதுசு. வெயிலும் பாம்பும் நினைத்தால் பயமாக இருக்கிறது. போனவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
கேள்விப்பட்டது சரிதான். அந்த இரண்டு தேசியப் பூங்காவிலும் கார் போகும் சாலை, பார்க்கிங், கூடாரம் போடும் இடம், இவ்வளவுதான் நாய்க்கு. கயிறு கட்டினாலும் பாதையில் விடமாட்டார்கள். நீங்கள் கிராண்ட்ஸ்டாஃப் கேன்யனுக்குப் போங்கள். அது பி.எல்.எம். என்ற அமெரிக்க அரசு நில நிர்வாகத் துறையின் நிலம், நாயைக் கூட்டிப்போகலாம். 128ஆம் எண் சாலையில் கொலராடோ ஆற்றை ஒட்டியே சுமார் 5 கிலோமீட்டர் போனால் பார்க்கிங் வரும். போக வர ஏழெட்டு கிலோமீட்டர் நடை, கூடவே ஓடை வருகிறது, அதைப் பல தடவை இறங்கிக் கடக்க வேண்டும், லாப்ரடாருக்குக் கேட்கவே வேண்டாம். கடைசியில் மார்னிங் குளோரி என்ற கல்பாலம், 74 மீட்டர் அகலம், பாறைச் சுவரை ஒட்டினாற்போல் நிற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, பாலத்தடியில் பாய்சன் ஐவி என்ற செடி மண்டிக் கிடக்கிறது, அதன் எண்ணெய் பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். மூன்று மூன்று இலையாக இருக்கும், இலை விடாத வெறும் தண்டிலும் அந்த எண்ணெய் உண்டு. நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வந்து தடவிக்கொடுக்கும் உங்கள் கையைத்தான் கொப்புளமாக்கும். அங்கே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

பதில் 2:
ஏப்ரல் வெயிலைவிட சப்பாத்திக்கள்ளிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், அதன் அடியில் பொடிப்பொடியாக இருக்கும் முள் தெரியாது, நாய் நக்கப் போனால் நாக்கிலும் ஏறிவிடும். ஒரு சீப்பும் ட்வீசரும் பையில் இருக்கட்டும். அப்புறம் ஓடைத் தண்ணீரை நம்பாமல் அவளுக்கென்று இரண்டு லிட்டராவது தனியாக எடுத்துப் போங்கள். கறுப்பாகப் பொரிந்த மாதிரி இருக்கும் மண்ணில் அவள் கால் வைக்க விடாதீர்கள், அது நுண்ணுயிர்கள் சேர்ந்து உண்டான உயிருள்ள மண், உடைந்தால் திரும்ப வளரப் பல வருடம் ஆகும்.

பதில் 3:
பாம்பு பற்றிக் கேட்டீர்களே. வெதுவெதுப்பான மதியத்தில் ராட்டில் பாம்பு (வாலை ஆட்டிச் சத்தமிடும் விஷப்பாம்பு) வெளியே வரலாம். பாறை இடுக்கில் மூக்கை நுழைக்க விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, கிராண்ட்ஸ்டாஃப்தான். மறுநாள் பக்கத்திலிருக்கும் கொரோனா ஆர்ச் என்ற கல்வளைவுக்குப் போகலாமா?

பதில் 1:
நாய்க்கு அனுமதி உண்டு. ஆனால் வழுக்குப் பாறையில் கம்பியைப் பிடித்து ஏறும் இடமும் ஒரு சின்ன ஏணியும் வரும், அங்கே அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இரண்டு பெரியவர்கள் கூட இருந்தால் மட்டும் போங்கள்.