வாடும் பூக்களை என்ன செய்வது?

கேள்வி: கண்காட்சிக்காக ஒரு சுவர் முழுக்க ரோஜாக்களைப் பதித்தேன். மூன்றாம் நாளே பழுப்பேறிவிட்டன. பார்க்கவே மனம் கனக்கிறது. வாடாமல் காக்க வழி உண்டா?

பதில்: காக்கத்தான் வேண்டுமா? பிரிட்டிஷ் கலைஞர் ஆன்யா கல்லாச்சியோ 1991இல் ஜெர்பெரா பூக்களைக் கண்ணாடிக்கு அடியில் அடுக்கி, அழுகவே விட்டார். அந்த அழுகலும் படைப்பின் ஒரு பகுதிதான். அகற்றாதீர்கள், தினமும் படமெடுங்கள்.

பதில்: எனக்கு உலர்ந்த பூக்களே பிடிக்கும். ரெபேக்கா லூயிஸ் லா என்ற பிரிட்டிஷ் கலைஞர் செம்புக் கம்பியில் பூக்களைக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார். சுற்றிலும் காற்றுப் பட்டால் பூ நன்றாக உலரும். சுவரோடு ஒட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டேன். மீதியை இன்றிரவு கம்பியில் கோக்கிறேன்.