உகுலேலேல ஏ மைனரை மேல ஃப்ரெட்ல புடிக்க ஹெல்ப் வேணும்

வணக்கம் மக்களே, ராயபுரத்துல இருந்து எழுதுறேன். ஏரியா பசங்க கானா பாடுறப்போ கூடவே சோப்ரானோ உகுலேலே (நாலு கம்பி குட்டி கிட்டார், அதுலயும் சின்ன சைஸ்) வாசிக்கிறேன், நாலு கம்பியோட டியூனிங் வழக்கமான ஜி சி இ ஏ தான். கீழ 2000 (அதே கம்பி வரிசையில ஃப்ரெட் நம்பர், அதாவது ஜி-ல ரெண்டாவது கட்டத்தை அமுக்கி மத்த மூணையும் சும்மா விடுறது) மட்டுமே போட்டு ஓட்டுனா டோலக் ஏறுற இடத்துல நம்ம சத்தம் காணாம போயிடுது, அதான் அந்த ஏ மைனர் கார்டையே (ஏ, சி, இ நோட்டுங்க சேர்ந்தது) மேல ஏறி வாசிக்கணும்னு ஆசை.

ஜி மைனர் 0231 ஷேப்பை ரெண்டு ஃப்ரெட் தள்ளி 2453 புடிக்கிறேன், ஜி கம்பியில ஆள்காட்டி, சி-ல மோதிர விரல், இ-ல சுண்டு விரல், ஏ-ல நடுவிரல். பிரச்சனை என்னன்னா அஞ்சாவது ஃப்ரெட்ல இருக்குற சுண்டு விரல் சாஞ்சு பக்கத்து ஏ கம்பியை தொட்டுடுது, அங்கதான் சி நோட்டே இருக்கு, அது அமுங்கிட்டா ஏவும் இயும் மட்டும்தான் மிச்சம், மைனரோட அந்த சோகமே வரமாட்டேங்குது. மணிக்கட்டை எப்படி வெக்கணும், கட்டைவிரல் எங்க இருக்கணும்?

அப்புறம் இதே ஏ மைனருக்கு டி மைனர் ஷேப்பை ஏத்தி 9987 புடிக்கிறவங்க, அந்த ரெண்டு 9-ஐயும் ஒரே விரலால அமுக்குறீங்களா? சோப்ரானோல அங்க இடமே இல்லங்க. தாளம் விடாம 2000-ல இருந்து அங்க தாவுறது எப்படின்னும் சொல்லுங்க, கை மட்டும் தெரியுற மாதிரி சின்ன வீடியோ போட்டா ரொம்ப நல்லாருக்கும். பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது வாசிக்கிறீங்கன்னா நேர்லயே வந்து கத்துக்கறேன்.