புதுப்பிப்பு: கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத் தமிழ் வகுப்பில் இணைப் பயிற்சி

வீட்டில் தமிழ் பேசி மலையாள வழியில் படித்தவரையும், தமிழைப் புதிதாகக் கற்கும் மலையாள மாணவரையும் இணையாக உட்கார வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். "தமிழ்ப் பிள்ளையே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறதே" என்று கேட்டவர்களுக்கு இது.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். தமிழ் மாணவர் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவைப் பற்றி 5 வாக்கியம் பேசட்டும். பேனா மற்றவர் கையில் மட்டும். 'அவ வந்தா' என்பதை 'அவள் வந்தாள்' என எழுத்துநடைக்கு மாற்றுவது எழுதுபவர் பொறுப்பு. மலையாளத்தில் அவனுக்கும் அவளுக்கும் 'வந்நு' ஒன்றே போதும் என்பதால் இங்கேதான் தடுக்கும். விகுதி (-ஆன், -ஆள் போன்ற வினை முடிவு) அட்டவணை மேசையில் இருக்கட்டும்.

பிறகு தமிழ் மாணவர் பிழை பார்க்க வேண்டும். ர-ற, ல-ள-ழ தடுமாற்றம் பெரும்பாலும் அவரிடம்தான். மழை, வழி போன்ற பொதுச் சொற்களை மலையாளத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து தெளிந்துவிடும். ந-ன விஷயத்தில் மட்டும் இது உதவாது, மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

கடைசி 10 நிமிடம் உரக்க வாசிப்பு. 'தங்கம்' என்பதில் மலையாள மாணவர் ககரத்தை 'g' என மெலிதாகச் சொல்லாமல் 'k' என அழுத்துவார். இணையர் சொல்லித் திருத்தட்டும்.

மதிப்பெண்ணை எழுதிய மலையாள மாணவருக்கு விகுதிக்கும் பிழை பார்த்த தமிழ் மாணவருக்கு எழுத்துப்பிழைக்கும் தனித்தனியே போடுங்கள்.