கலைச்சொல்: ‘ஸ்பான்டேனியஸ் ஃபெர்மென்டேஷன்’ – தான்தோன்றி நொதித்தலா, வேறு சொல் உண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

புளிப்பு பீர் காய்ச்சுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். லாம்பிக் என்னும் பெல்ஜியப் புளிப்பு பீர் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்காக நிற்கிறேன். பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரசல்ஸும் அதன் மேற்கே உள்ள பயோட்டன்லாந்தும்தான் லாம்பிக்கின் ஊர். 30 முதல் 40 விழுக்காடு முளைகட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்). இரண்டு மூன்று ஆண்டு பழசாகிக் கசப்பு போன ஹாப்ஸ் பூவை லிட்டருக்குச் சுமார் 5 கிராம் போட்டு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்க வைப்பார்கள். கொதித்த மால்ட் சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி, கூரைக்குக் கீழே இரவு முழுவதும் மூடாமல் விடுவார்கள். விடிவதற்குள் 20 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறியிருக்கும். அதை மரப்பீப்பாயில் இறக்கி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விட்டுவைப்பார்கள். ஈஸ்ட் என்று எதையும் யாரும் சேர்ப்பதில்லை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் நிறுத்திவிடுவார்கள். கோடை இரவில் சாறு மெதுவாக ஆறும், கெடுக்கும் பாக்டீரியாவும் கூடும்.

யாரும் சேர்க்காமல் நடக்கும் இந்த நொதித்தலை எப்படிச் சொல்வது? ‘காட்டு ஈஸ்ட் நொதித்தல்’, ‘தான்தோன்றி நொதித்தல்’ என்று இரண்டு சொற்கள் கையில் இருக்கின்றன. என் மனம் இரண்டாவதன் பக்கம்.

*

மறுமடல் 1

> காட்டு ஈஸ்ட் நொதித்தல்

இது வேண்டாம் ஐயா. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் அதற்குப் பெயர் வைத்தார். ஆங்கிலேய பீரின் பீப்பாய் வாசத்துக்கு அதுதான் காரணம் என்று கண்டதால் ‘பிரிட்டன் பூஞ்சை’ என்று பொருள்படும் பெயர். ‘காட்டு ஈஸ்ட்’ என்று ஊரே சொல்லும் அது இன்று குப்பியில் அடைத்து விற்பனைக்கு வருகிறது. குப்பியைத் திறந்து ஊற்றினால் அது காட்டு நொதித்தலா? உயிர் எந்த இனம் என்பதைவிட எப்படி உள்ளே வந்தது என்பதே இங்கே பேச்சு. அதோடு, லாம்பிக்கின் புளிப்பைப் பெரும்பாலும் தருவது பீடியோகாக்கஸ். அது பாக்டீரியா. ஈஸ்ட் என்று சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும்.

> தான்தோன்றி நொதித்தல்

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் தவறு. உயிர் தானாகத் தோன்றாது என்பதை 1860களின் தொடக்கத்திலேயே பாஸ்டர் அன்னக்கழுத்துக் குடுவையை வைத்துக் காட்டிவிட்டார். அவர் மறுத்த கருத்தையே நம் கலைச்சொல்லில் திரும்பவும் ஏற்ற வேண்டாம். பேச்சு வழக்கில் ‘தான்தோன்றித்தனம்’ என்றால் கட்டுக்கடங்காதது. லாம்பிக் ஒரு முறைப்படி நடக்கிறது. முதல் மாதம் குடல்வகை பாக்டீரியாவும் வலுவில்லாத ஈஸ்ட்களும். அடுத்து வழக்கமான பீர் ஈஸ்டான சாக்கரோமைசிஸ் வந்து மூன்று நான்கு மாதத்தில் சர்க்கரையில் பெரும்பகுதியைச் சாராயமாக்கும். பிறகு பீடியோகாக்கஸ் புளிப்பேற்றும். எட்டு மாதம் வாக்கில் பிரெட்டனோமைசிஸ் மேலோங்கும்.

நம் அடுக்களையில் இந்த வேறுபாடு என்றைக்கோ தெளிந்துவிட்டது. தயிருக்கு உறை ஊற்றுகிறோம். இட்லி மாவுக்கு ஊற்றுவதில்லை. உளுந்தோடு வரும் லூக்கோனாஸ்டாக் மெசென்டெராய்டெஸ் போன்றவையே மாவைப் பொங்க வைக்கின்றன. எனவே என் பரிந்துரை: உறையிடா நொதித்தல்.

*

மறுமடல் 2

வணக்கம். வழி சரி. ஆனால் ‘உறை’ எனக்கு இடறுகிறது. உறைதல் என்றால் பனிக்கட்டியாதல், உறை என்றால் மூடி. ‘உறையிடாத் தொட்டி’ என்று எழுதினால் ‘மூடாத தொட்டி’ என்றுதான் முதலில் வாசிப்பார்கள். அந்தத் தொட்டி உண்மையிலேயே மூடாதது என்பதால் வாசகருக்குச் சந்தேகமே வராது, பிழையாகவே புரிந்துகொண்டு போய்விடுவார்.

இன்னொன்று. இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்ட் என்பது மதுவம், என்சைம் என்பது நொதியம். தமிழ்நாட்டில் என்சைமே நொதி. ஆகவே ஈஸ்டை ‘நொதி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மதுவம், ஈஸ்ட் இரண்டில் எது எழுதினாலும் குழப்பம் இல்லை.

பொருளளவிலும் ஒரு கேள்வி. பழைய பீப்பாயின் மரத்துக்குள் பிரெட்டனோமைசிஸ் சில மில்லிமீட்டர் ஆழத்தில் குடியிருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் முழுதாகச் சாகாது. கள்ளுக் கலயமும் அப்படித்தான்: சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் நேற்றைய கலயத்தில் ஒட்டியிருப்பதே இன்றைய கள்ளைப் புளிக்க வைக்கும். கலயமே உறையாக இருக்கும்போது ‘உறையிடா’ என்பது சரியா?

வீட்டில் செய்கிறவர்களுக்காக ஒரு எச்சரிக்கையையும் கையேட்டில் சேருங்கள். முதல் மாதத்துக் குடல்வகை பாக்டீரியா பயோஜெனிக் அமின்கள் என்ற, உடலுக்கு ஒவ்வாத பொருள்களை உண்டாக்கும், மலவாடையும் தரும். சாற்றை ஆற விடும் முன்பே லாக்டிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 4.5க்குக் கொண்டுவந்தால் அவை பெருமளவு அடங்கிவிடும். பி.எச். 4.5க்குக் கீழே இறங்கி, சாராயமும் உண்டான பிறகே வாயில் வைக்க வேண்டும்.

*

மறுமடல் 3

இருவர் மடலையும் படித்துவிட்டு இரண்டு நாள் சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்.

‘உறை’ பற்றிய ஆட்சேபம் நியாயம். அதே பொருளில் ‘பிரை’ இருக்கிறது. பிரைமோர், பிரை குத்துதல் என்று இன்றும் பல ஊர்களில் புழங்குகிறது. மூடி, பனி என்ற குறுக்கீடு எதுவும் இல்லை. எழுத்தில் றகரம் போட்டால் நிலவாகிவிடும் என்பது மட்டும் கவனம்.

பீப்பாய்க் கேள்விக்கு இலக்கணமே விடை சொல்கிறது. ‘பிரையில்லா’ என்றால் பிரையே இல்லை என்று பொருள், அது பொய். ‘பிரையிடா’ என்றால் காய்ச்சுபவர் இடவில்லை என்று பொருள், அது உண்மை. மரத்திலிருந்து வந்தாலும் உத்தரத்திலிருந்து விழுந்தாலும் அவர் கை இடவில்லை. ஆகவே:

பிரையிடா நொதித்தல் – லாம்பிக், இட்லி மாவு, கள்.
தனிப்பிரை நொதித்தல் – ஒரே வகை உயிரை மட்டும் இடுவது.
கலப்புப்பிரை நொதித்தல் – ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த கலவையை இடுவது.

இந்த மூன்றும் தாங்குகின்றனவா என்று சிக்கலான இடங்களில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, பெர்லினர் வைஸ் போன்ற பீருக்குப் பலர் கையாளும் பானைப் புளிப்பு. 20 லிட்டர் சாற்றை ஹாப்ஸ் போடாமல் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, 35 டிகிரிக்கு ஆற்றி, பி.எச். 4.5க்கு இறக்கி, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் இடுகிறோம். 24 முதல் 48 மணி நேரத்தில் பி.எச். 3.3 அளவுக்கு வரும். மீண்டும் கொதிக்க வைத்துப் பாக்டீரியாவைக் கொன்று, ஆற்றி, ஏல் ஈஸ்ட் இடுகிறோம். ஹாப்ஸை முதலிலேயே போட்டுவிட்டால் பாக்டீரியா எழும்பாது, சாறு புளிக்காமல் அப்படியே கிடக்கும். அடிக்கடி நடக்கும் தவறு இது. இதில் பிரை இரண்டு முறை விழுந்தாலும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. எனவே ‘இருமுறைத் தனிப்பிரை’.

இரண்டு, சாடிச் சோதனை. அரை லிட்டர் சாற்றை நான்கு சாடிகளில் ஊற்றி, மெல்லிய துணி கட்டி, குளிர்ந்த இரவில் நான்கு இடங்களில் வைக்கிறோம். காலையில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) மாட்டி மூன்று வாரம் விடுகிறோம். பூசணம் பூத்ததையும் வாந்தி வாடை வீசுவதையும் கொட்டிவிட்டு, பழ வாசம் வரும் சாடியை மட்டும் 20 லிட்டரில் ஊற்றுகிறோம். இப்போது அது என்ன நொதித்தல்? சாடிக்குள் நடந்தது பிரையிடா நொதித்தல். பெரிய கலனில் நடப்பது கலப்புப்பிரை நொதித்தல், ஏனென்றால் சாடியை நாம் இட்டோம். நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புதுமாவில் போடுவதும் அதேதான். இந்த எல்லைக்கோட்டைத் ‘தான்தோன்றி’யால் போட்டிருக்க முடியாது.

பக்கத்துச் சொற்களும் அடுக்களையிலேயே கிடைக்கின்றன. பீரின் மேல் வெள்ளையாகப் படர்வது ஏடு. தயிரில் எடுப்பது போல அதைக் கிளறி எடுக்கக் கூடாது, உடைந்தால் ஆக்சிஜன் உள்ளே போகும், அசிட்டோபாக்டர் காடியாக்கிவிடும். பீடியோகாக்கஸ் காலத்தில் பீர் எண்ணெய் போலக் கெட்டியாகி, கரண்டியில் தூக்கினால் இழையாக ஒழுகும். அதை ‘நூல்விடுதல்’ என்போம். ‘ஊசல்’ என்று எழுதினால் கெட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். பிரெட்டனோமைசிஸ் இருந்தால் சில மாதத்தில் அந்த இழை தானே கரைந்து தெளியும். விழுங்கிய பின் தொண்டையில் ஏறும் ஒரு நாற்றம் உண்டு, அது ‘எலிவாடை’. அமிலத்தில் அது ஆவியாகாது, எச்சில் பட்ட பிறகுதான் தெரியும். புட்டியில் அடைக்கும்போது காற்றுப் பட்டால் வரும், பெரும்பாலும் சில மாதம் வைத்தால் போகும். புட்டியின் அடியில் தங்குவது அடிமண்டி. அதைப் புதுச்சாற்றில் ஊற்றினால் அதுவும் கலப்புப்பிரை.

புட்டி அடைக்கும் பத்தியை முழுசாக எழுதித் தாருங்கள். ஆள் காயப்படுவது அங்கேதான். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.008 காட்டும்போது அடைத்து, பிரெட்டனோமைசிஸ் அதை 1.002க்கு இறக்கினால், குறையும் ஒவ்வொரு 0.001க்கும் பீரின் கொள்ளளவில் சுமார் அரை மடங்கு கரியமில வாயு சேரும். ஆறுக்கு மூன்று மடங்கு. ஏற்கெனவே கரைந்திருப்பதும் நீங்கள் போடும் சர்க்கரை தருவதும் தனி. சாதாரண பீர் புட்டி இதைத் தாங்காது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே அளவு காட்டினால் மட்டும் அடைக்கலாம், அதுவும் ஷாம்பெயின் புட்டி போன்ற தடித்த கண்ணாடியில்.

*

மறுமடல் 4

> பிரையிடா நொதித்தல்

ஏற்கிறேன். தலைப்பை மாற்றிவிட்டேன், அத்தியாயம் முழுக்கவும் வாக்கியம் இடறாமல் ஓடுகிறது. ஈஸ்ட் என்று எழுதி, முதல் இடத்தில் ‘மதுவம்’ என்றும் குறிப்பேன். அமிலம் விட்டு 4.5க்கு இறக்கும் குறிப்பும் புட்டிக் கணக்கும் கட்டம் கட்டி வரும். அகலத் தொட்டிக்கு ‘ஆற்றுத்தொட்டி’ என்று எழுதியிருந்தேன், ஆற்றங்கரைத் தொட்டி போல் ஒலிக்கிறது. ‘ஆறவிடு தொட்டி’ என்று மாற்றுகிறேன். சுருக்கமாக வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.